மூன்று கட்டில் அறை

ஆங்கிலத்தில் ஏதோ சந்தேகம் என்றுதான் முதலில் நினைத்தேன். வகுப்பு கலைந்த பிறகு ஒரு மாணவி என் மேசையருகே வந்து நின்றாள். "மேடம், ஒன்றைப் புகார் மாதிரி தொனிக்காமல் கேட்க வேண்டுமென்றால் எப்படிச் சொல்வது?"

என்ன கேட்க வேண்டும் என்றேன்.

"என் அறைக்கு யாரையாவது அனுப்புங்கள் என்று."

பெங்களூருக்குப் போகும் ரயில் பாதையை ஒட்டி, தைல மரங்களை வெட்டிச் சமன்செய்த நிலத்தில் இருக்கிறது நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தனியார் பல்கலைக்கழகம். அவள் ஜாம்பியாக்காரி. செம்புச் சுரங்கம் இருக்கிற ஏதோ ஓர் ஊர். நுண்ணுயிரியல் முதலாண்டு. வகுப்பில் முன்வரிசையில் உட்காருவாள். அந்த வரிசையில் அவள் மட்டும்தான் உட்காருவாள் என்பதை நான் பார்த்திருந்தேன். முன்வரிசை என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயம், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

விடுதியில் அவளுக்குக் கிடைத்தது மூன்று கட்டில் போட்ட அறை. கூட இருந்த இரண்டு பெண்களும் ஒரு சனிக்கிழமை, இவள் ஆய்வகத்திலிருந்த நேரத்தில், வேறு அறைகளுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது மெத்தைகள் சுருட்டியிருந்தன. அலமாரித் தட்டில் கிழிக்காத ஒரு ஷாம்பூ பாக்கெட் கிடந்தது. சண்டை இல்லை, ஒரு சொல் இல்லை. மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு பேரும் இவளைப் பார்த்துச் சிரித்தார்களாம். "திட்டியிருந்தால் நல்லது, மேடம். திட்டினவர் என்று ஒருவர் இருந்திருப்பார்."

வாசல் காவலர் அவள் பையை மட்டும் கொட்டிப் பார்ப்பதையும், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் அவள் பின்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை உடையில் துடைத்துக்கொள்வதையும் ஏதோ வானிலை சொல்வதுபோலச் சொன்னாள். காலிக் கட்டில்களைப் பற்றிச் சொல்லும்போதுதான் குரல் இறங்கியது. வார்டனிடம் ஏற்கெனவே ஒருமுறை போயிருக்கிறாள். அந்த அம்மா கெட்டவரில்லை, எனக்குத் தெரியும். "தனி ரூம் கேட்டு எத்தனை பேர் என் பின்னால் அலைகிறார்கள், உனக்குச் சும்மா கிடைத்திருக்கிறது, மூன்று அலமாரியையும் நீயே வைத்துக்கொள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"ஒவ்வொரு ராத்திரியும் வேறு வேறு கட்டிலில் படுக்கிறேன். விரிப்பு கசங்கி இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது."

இந்த செமஸ்டர் முடிவதற்குள் யாரும் வரவில்லையென்றால் ஊருக்குத் திரும்பிவிடுவதாகச் சொன்னாள். படிப்பு கடினம் என்று அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம், அவர் நம்புவார்.

புகாராகத் தொனிக்காத ஒரு வாக்கியத்தை இரண்டு பேரும் சேர்ந்து உருட்டிப் பார்த்தோம். பணிவைக் கூட்டக் கூட்ட அது கெஞ்சலானது. கெஞ்சலைக் குறைத்தால் குற்றச்சாட்டாக நின்றது. இருபது வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்கு வரவில்லை. கடைசியில் நான் சொன்னது வேறு: இந்த வாரம் சனிக்கிழமை என்னோடு வா, எங்கள் ஊரும் சுரங்க ஊர்தான்.

அந்த அழைப்பில் என் பங்கும் இருந்தது. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில், அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தபோது கிடைத்த லைன் வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். மகன் வேலைக்குப் புனே போய்விட்டான். அவனுடைய அப்பா அதற்கு வெகு முன்பே போய்விட்டார். கதவைத் திறந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நான் போடுவது விளக்கு அல்ல, ரேடியோ. கசங்கிய விரிப்பைப் பற்றி யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ரயிலைத் தெரியாதவர்களுக்கு: கோலார் தங்கவயலின் பாதி ஊர் காலையில் அதில் ஏறிப் பெங்களூருக்குப் போய், மாலையில் அதிலேயே திரும்பும். மூன்று பேர் உட்காரும் பலகையில் நாங்கள் நாலு பேர் உட்காருவோம். நாலாவது ஆள் கேட்கக்கூட வேண்டாம். "ஜருகு" என்பார். தெலுங்கிலிருந்து வந்து எங்கள் வாயில் குடியேறிவிட்ட சொல், நகர்ந்து இடம் கொடு என்று அர்த்தம். மூன்று இடுப்புகள் தாமாக நகரும். நாலாவது ஆளின் பாதி உடம்பு நடைபாதையில் தொங்கும். யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை அவள் ஜன்னலோரம், பக்கத்தில் நான். என் பக்கத்தில் ஓர் இடம் காலி. பெட்டி முழுக்க ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பல வருடமாக என்னோடு வருகிற, எனக்கு அடை கட்டிக் கொண்டுவந்து கொடுத்த பெண்கள் கம்பியைப் பிடித்தபடி நின்று, "பரவால்ல டீச்சர், உக்காருங்க" என்றார்கள். அவளைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே செங்கல் சூளைகளின் புகையை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பங்காருப்பேட்டை தாண்டியும் அந்த இடம் அப்படியே வந்தது. டிக்கெட் வாங்கி ஏறிய மூன்றாவது ஆளைப்போல.

சயனைடு மேட்டைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுந்த வெளிறிய குன்று அது. காற்றடித்தால் எங்கள் துணியெல்லாம் வெள்ளையாகும். "எங்கள் ஊரில் இருப்பது கறுப்பு" என்றாள். அன்று அவள் முதல்முறையாகச் சிரித்தாள். ஷாஃப்ட், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கேஜ், ஷிப்ட் என்று என் அப்பாவின் சொற்கள் ஒவ்வொன்றாக அவள் வாயிலிருந்து வந்தன. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஏதோ சாதித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை ஆண்டர்சன்பேட்டை சர்ச்சில் எல்லோரும் அவள் கையைக் குலுக்கினார்கள். குழந்தைகள் அவளோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்களும்தான். 

மத்தியானம் பக்கத்து வீட்டு அம்மா அகலமான ஒரு சட்டி நிறைய ஊறவைத்த அவரைக்கொட்டையோடு வந்தார். அவரைக்காய் காலத்தில் எங்கள் பக்கம் பிதுக்குபருப்புதான். ஊறின கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு எகிறிப் போய் விழும். யார் வந்தாலும் சட்டியைச் சுற்றி உட்காரவேண்டியதுதான். அந்த அம்மா அவள் பக்கமாகச் சட்டியை ஒரு தள்ளு தள்ளினார். "சும்மாதான உக்காந்துக்கினு கீற, பிதுக்கும்மா." நான் ஆங்கிலத்தில் சொல்வதற்குள் அவள் கை சட்டிக்குள் இருந்தது. முதல் பருப்பு என் கண்ணாடியில் வந்து அடித்தது. அந்த அரை மணி நேரம் நன்றாக இருந்தது. அவளுடைய அம்மாவும் ஏதோ ஒரு பயறை இப்படித்தான் தோலெடுப்பாளாம்.

அப்போதுதான் அந்த அம்மாவின் கணவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சுரங்கம் மூடும்வரை பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். அவள் அப்பா இன்னமும் கீழே இறங்குகிறவர் என்று கேட்டதும் முகம் மலர்ந்தது. எந்த லெவல், எத்தனை ஷிப்ட், கேஜ் வேகமாகப் போகுமா என்று தன் சுரங்க ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே போனார். அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள். பேச்சின் உற்சாகத்தில், அவளைத் தன் வீட்டுப் பெண்ணாகவே ஆக்கிக்கொள்கிற ஆசையில், அவர் எங்களிடம் திரும்பிச் சொன்னார்:

"இதுல இன்னா கீது? நாங்களும் கேஜ்லேர்ந்து மேல வந்தா இந்தக் கலர்தான். எங்க ஊட்டுக்காரிக்கே நான் எவன்னு தெரியாது."

அவர் மனைவி சிரித்தார். "தெரிஞ்சிருந்தா உள்ள உட்டிருப்பனா?"

நானும் சிரித்தேன். அவர் அதோடு விடவில்லை. அவளும் சிரிக்கவேண்டும் என்று, சொல் சொல்லாகத் தேடி, அதையே ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னார்.

அவள் புன்னகை செய்தாள். கையிலிருந்த கொட்டையைப் பிதுக்கிவிட்டு, மரியாதை குறையாமல் கேட்டாள். "அப்புறம் குளித்துவிடுவீர்கள் இல்லையா, அங்கிள்?"

பருப்பு பாத்திரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. பெரியவர் "ஆமாம்மா, வெந்நீர் வெச்சிருப்பா" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். குழம்பு நன்றாக இருந்தது என்று இரவு அவள் இரண்டு தடவை சொன்னாள். வந்ததிலிருந்து தன் அறையைப் பற்றிப் பேசாதவள், படுக்கப்போகும்போது, "தேர்வுக்கு முன்னாலேயே ஊருக்கு டிக்கெட் பார்த்தால் விலை குறையும்" என்றாள்.

திங்கள் காலை ரயில். அவளிடம் சொல்ல ஒரு கதையை எடுத்து வைத்திருந்தேன். தண்ணீர்த் தகராறு வருகிற வருடங்களில், பெங்களூர் நெருங்க நெருங்க எங்கள் பெட்டியில் தமிழ் மெல்ல இறங்கிப் போய்விடும். போன் வந்தால் கன்னடத்தில் பேசுவோம். நானே டிபனைச் சுற்றியிருந்த தமிழ்ப் பேப்பரை உள்பக்கமாகத் திருப்பி மடித்திருக்கிறேன். அன்னியராக இருப்பது எங்களுக்கும் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். வாயெடுத்தபோது பெரியவரின் வெந்நீர் ஞாபகம் வந்தது. பேப்பரை மடித்தால் என் தமிழ் மறைந்துவிடுகிறது. கதையை விழுங்கிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன்.

அன்றும் அதே பலகை, அதே காலியிடம். இந்தத் தடவை அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். காலியிடம் அவளை ஒட்டியே இருந்தது. பங்காருப்பேட்டையில் ஏறிய கூட்டத்தில், பூதிகோட்டைப் பக்கமிருந்து பூ கொண்டுவருகிற ஒரு பெண் இருந்தாள். எல்லோரும் அவளைப் பூக்காரி என்றுதான் கூப்பிடுவோம். கூடையைக் காலால் பலகைக்கு அடியில் தள்ளினாள். உட்கார்ந்திருந்தவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"ஜருகும்மா."

அவளுக்குச் சொல் புரிந்திருக்காது. ஆனால் இடுப்புக்குப் புரிந்தது. நகர்ந்தாள். நானும் நகர்ந்தேன். பூக்காரி உட்கார்ந்தாள், அவள் உட்கார்ந்ததைப் பார்த்து இன்னொரு பெண் ஓரத்தில் தொற்றிக்கொண்டாள். நாலு பேர் ஆகிவிட்டோம். ரயில் கிளம்பியதும் பூக்காரிக்குத் தூக்கம். விடிவதற்கு முன் எழுந்து பூப் பறிக்கிறவர்களின் தூக்கம் அது, கல் விழுவதுபோல விழும். தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடி, கடைசியில் என் மாணவியின் தோளில் சாய்ந்து நின்றது. வாய் லேசாகத் திறந்திருந்தது. எண்ணெய் தேய்த்த அந்தத் தலை அவள் வெள்ளைச் சட்டையில் ஒரு கறை பதித்துக்கொண்டிருந்தது.

அவள் அசையவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, பார்த்தால் தோள் அசையும். மடியில் வைத்திருந்த போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எங்கள் நிறுத்தம் வந்தபோது நான் எழுந்துவிட்டேன். அவள் எழவில்லை. வண்டி கிளம்பப்போகிறது என்றேன். கண்ணாலேயே கொஞ்சம் பொறு என்றாள். கடைசியில் பக்கத்திலிருந்த பெண்தான் பூக்காரியை உலுக்கினாள். பூக்காரி கண்ணைத் திறந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னா, எறங்கலியா?" என்று அவளையே அதட்டினாள். ஓடிக்கொண்டே இறங்கினோம். பிளாட்பாரத்தில் நின்று தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். "மல்லிகை வாசனையும் தேங்காய் எண்ணெயும்" என்றாள்.  நேராக வார்டன் அறைக்குப் போனாள் என்று பிறகு தெரிந்தது. புகாராகவே கேட்டாளாம்.

அன்று மாலை பெரியவர் லைன் முனையில் எனக்காகக் காத்திருந்தார். "அந்தப் பொண்ணு கோச்சிக்கிச்சா?"

தெரியவில்லை என்றேன்.

"நம்ம பொண்ணா நெனச்சித்தாம்மா சொன்னேன்."

"அது அவளுக்குத் தெரியும்."

"அப்ப இன்னாத்துக்கு அப்டி கேட்டுச்சு?" என்றார். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார்.

வார்டன் ஏற்பாடு செய்தார். புது மாணவிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள், ஒருத்தி சூடான், இன்னொருத்தி கானா. "உங்க ஊர்ப் பொண்ணுங்களையே போட்டுட்டேன், இப்ப சந்தோஷமா?" என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னதை அவள் எனக்கு நடித்துக் காட்டினாள். "மேடம், என் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் நடுவில் உங்கள் நாடு முழுசாகப் படுத்துத் தூங்கலாம்." நான் கோபப்பட்டேன். அவள் படவில்லை, பட்டுக் களைத்திருக்கலாம். சூடான்காரி குறட்டை விடுகிறாள், கானாக்காரி குளியலறையில் பாடுகிறாள், மூன்று அலமாரியும் போதவில்லை என்றாள். மற்ற அறைகளின் கதவு எதுவும் திறக்கவில்லை. டிக்கெட்டைப் பற்றி அவள் அதற்குப் பிறகு பேசவில்லை. தேர்வு எழுதினாள், இரண்டாம் ஆண்டுக்கு வந்தாள். வகுப்பில் முன்வரிசை அப்படியேதான் இருக்கிறது.

ஈஸ்டருக்குக் கூப்பிட்டேன். கானாக்காரிக்குப் பிறந்தநாள் என்றாள். அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டேன், மூன்று பேரும் சினிமாவுக்குப் போகிறார்களாம். சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போய் ரேடியோவைப் போட்டேன்.

போன வாரம் காலை ரயிலில் பூக்காரி என் பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இன்னா டீச்சர், அன்னிக்கி ஒரு பொண்ணு வந்துதே, வர்றதில்லியா?"

அதற்கு இப்போது துணை இருக்கிறது என்றேன்.

"நல்லா தூங்கனேன் அன்னிக்கி" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் கண் சொருகி, தலை என் தோளுக்கு வந்தது. அசையாமல் இருக்கத்தான் பார்த்தேன். எனக்கு அது பழக்கமில்லை. மாலூர் வருவதற்குள் கால் மரத்து, தோளைக் கொஞ்சம் நகர்த்திவிட்டேன் போலிருக்கிறது. அவள் விழித்து, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்துப் பெண்ணின் மேல் சாய்ந்துகொண்டாள்.