இது அம்மை இல்லை

என் உடம்புக்கு என்னவென்று எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த எரிச்சல் இதை எழுதும்போதும் அடங்கவில்லை.

எனக்கு இருப்பது சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ். அரிதாக வருவது. உடம்பின் தற்காப்பே தறிகெட்டுத் தோலைத் தாக்கும். தோல் சிவந்து, குண்டூசித் தலை அளவில் சீழ் முட்டி, குளிர்க்காய்ச்சல் அடிக்கும். அந்தச் சீழில் கிருமி கிடையாது, யாருக்கும் ஒட்டாது. “மாத்திரைய நீங்களா நிறுத்திராதீங்க, உயிருக்கே ஆபத்து” என்று தோல் டாக்டர் என்னிடமும் கணவரிடமும் சொல்லியிருந்தார். கணவர் தலையை ஆட்டினார். அவர் எதற்கும் ஆட்டுவார்.

பங்குனி வெயிலில் கொப்புளங்கள் மறுபடி கிளம்பின. திருநகர் வீட்டில் நான் படுத்துவிட்டேன் என்றதும் மேலூரிலிருந்து கணவரின் அக்கா பஸ் ஏறி வந்து, என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“அடியாத்தி, ஆத்தால்ல வந்திருக்கா! முத்து எம்புட்டு போட்டிருக்கு பாரு!”

“மதினி, இது அம்மை இல்ல. டாக்டரே சொல்லியிருக்காரு.”

“வாயக் கழுவு. ஆத்தா எறங்கியிருக்கையில மருந்து மாத்திரை ஆகாது.”

அரைமணியில் வாசலில் வேப்பங்கொத்து ஏறியது. அடுக்களையில் தாளிப்பு நின்றது. என் மாத்திரைகள் பீரோவுக்குள் போயின; சாவி மதினியின் இடுப்புக்குப் போனது. கல்லூரியில் வேதியியல் நடத்தும் என் கணவர், அக்கா கொத்துக் கட்டுவதற்கு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் பொறுத்துக்க. அக்கா மனசு நோகக் கூடாதுல்ல” என்றார். நான் நொந்தால் பரவாயில்லை போல.

வேப்பிலையைப் பரப்பி அதன்மேல் என்னைக் கிடத்தினார்கள். ஒவ்வொரு இலையும் ரம்பமாக அறுத்தது. மாத்திரையைக் கேட்டேன், கெஞ்சினேன், கெட்ட வார்த்தையில் திட்டினேன். திட்டியது நானில்லை, ஆத்தா பேசுகிறாள் என்று மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த அம்மாள் எனக்காக அத்தனை நாளும் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தார் என்பதும் உண்மைதான். அதற்காக என் கோபம் இம்மியும் குறையவில்லை.

நாலாம் நாள் தோல் பாளம் பாளமாக உரிந்தது. கூப்பிட்டதற்கு நான் பதில் சொல்லாமல் போன பிறகுதான் கணவருக்குப் பயம் வந்தது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

எனக்கு நினைவு தெளிந்தபோது அதே தோல் டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தார்.

“மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?”

“இவதான் சார், வேணாம்னுட்டா. நாங்க எம்புட்டோ சொன்னோம், கேக்கல” என்றார் கணவர். மதினி தரையைப் பார்த்தார்.

டாக்டர் என்மீது பாய்ந்தார். “படிச்சவங்கதானே நீங்க? செத்துப் போயிருப்பீங்க.”

வாயைத் திறந்தால் உதடு வெடிக்கும். திறந்தேன்.

“இவங்க பீரோவுல வச்சுப் பூட்டுனாங்க. இவரு பாத்துக்கிட்டு நின்னாரு. அத எழுதுங்க சார். இன்னொரு தடவை நான் பேச்சுமூச்சு இல்லாம வந்தா, இவருகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க.”

டாக்டர் என் கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு, கேஸ் ஷீட்டை எடுத்து எழுதினார். எழுதி முடிக்கும்வரை நான் கண்ணை மூடவில்லை.