ஒரு மரத்தில் ஐந்து வகை இலை

அந்த மரத்தை இயந்திரம் வரைந்தது என்று சொன்ன ஒருவரும் அந்த மரத்தைப் பார்த்ததில்லை. நான் பார்க்கிறேன். கிழமைக்கு நாலு தரம் பார்க்கிறேன். புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணிப் பக்கம் போகும் வீதியில், குளக்கட்டு முடிந்து காடு தொடங்கும் இடத்தில், உள்ளே இறங்கும் ஒற்றையடிப் பாதையின் வாயில் நிற்கிற பாலைமரம் அது. தேனுக்குப் போகிறவர், விறகுக்குப் போகிறவர், தொலைந்த எருமையைத் தேடிப் போகிறவர் எவரானாலும், பக்கத்தில் எது நிற்கிறதோ அதில் இலையோடு ஒரு குழை முறித்து, பாலையின் தாழ்ந்த கொப்பில் செருகிவிட்டுத்தான் காட்டுக்குள் கால் வைப்பார். ஐயனாருக்கு என்பார்கள் சிலர். சிலர் ஒன்றும் சொல்வதில்லை. கை முறிக்கும், கை செருகும், கால் நடக்கும். ஆகவே அந்த மரத்தில் பாலை இலையோடு வீரையும் நாவலும் வேம்பும் காயாவும் இருக்கும். சில பச்சை, சில வாடல், சில சருகு. காற்றடித்தால் ஐந்து விதமாகச் சத்தம் போடும்.

அதை வரைந்தவள் நாயாற்றுப் பக்கம் இருக்கிறாள். முன்பள்ளிச் சுவர்களில் முயலும் யானையும் அகர வரிசையும் வரைவது தொழில். என்னை அண்ணை என்பாள், நான் தங்கச்சி என்பேன். அதற்கு மேல் உறவு ஒன்றுமில்லை. எங்கள் இருவரையும் இந்த வேலைக்குள் இழுத்துவிட்டவள் என் அக்காவின் மகள். லண்டனில் வளர்ந்தவள், கணினி விளையாட்டுகள் செய்யும் சிறிய நிறுவனமொன்றில் வேலை பார்ப்பவள். எங்கள் மண்ணில் நடக்கிற ஒரு விளையாட்டைச் செய்யப் போகிறார்களாம். தொலைந்த எருமையைத் தேடி ஒரு பெண் குளத்தடியிலிருந்து புறப்பட்டு, காட்டைக் கடந்து, கடலேரி வரை நடக்கிறாள். துவக்கு இல்லை, சண்டை இல்லை. நடப்பதும் பார்ப்பதும் மட்டும்தான். படங்களை அவள் வரைய, வசனங்களை நான் எழுத வேண்டும். கிளித்தட்டுக்குப் பிறகு நான் விளையாடிய விளையாட்டு ஒன்றுமில்லை. ஆனாலும் ஓம் என்றேன். ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவனுக்கு நடக்கிற கதை என்றால் போதும்.

அந்த விளையாட்டுத் தொழிலில் அப்போது நெருப்பு பற்றி எரிந்துகொண்டிருந்தது. இப்போதும் எரிகிறது. தேத்தண்ணி ஆறுவதற்குள் ஆயிரம் காடுகளை வரைந்து தருகிற இயந்திரம் வந்துவிட்டது. வரைகிறவர்கள் வேலை இழக்கிறார்கள். விளையாடுகிறவர்களில் பலர் இயந்திரப் படத்தைக் கண்டால் காறித் துப்புகிறார்கள், வேறு பலர் எது வரைந்தால் என்ன என்கிறார்கள். எங்கள் நிறுவனம் துப்புகிறவர்கள் பக்கம் நின்றது. முழுவதும் மனிதக் கையால் ஆனது என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டது. நானும் அதைப் படித்துவிட்டு என் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தேன்.

முடிவதற்கு முன், சிலரிடம் விளையாடிப் பார்க்கக் கொடுத்தார்கள். அதில் ஒருவர் பாலைமரத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். ஒரே மரத்தில் ஐந்து வகை இலை. மரம் என்றால் என்னவென்று தெரியாத ஒன்றுதான் இதை வரைந்திருக்கும் என்று எழுதினார். அதற்குக் கீழே ஒரு ஊர்வலமே சேர்ந்தது. பயந்துபோன நிறுவனம், இயந்திரப் படங்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருளொன்றிடம் படத்தைக் காட்டியது. பெரும்பாலும் இயந்திரம் என்றது அது. ஆக, இயந்திரம் வரைந்ததென்று ஒரு இயந்திரம் சாட்சி சொல்ல, மனிதர்கள் நம்பினார்கள்.

மருமகள் அழைத்தாள். அழுகிற குரல். குழை செருகும் வழக்கத்தை ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன், ஆங்கிலத்தில் ஆக்கி அவர்களுக்குக் காட்டினாள். அருமையான விளக்கம், ஆனால் விளையாடுகிற ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்றார்களாம். வண்ணம் பூசிய காகிதத்தைப் படமெடுத்து அனுப்பினோம். இயந்திரம் தந்ததைப் பார்த்துக் காகிதத்தில் வரைந்திருக்கலாமே என்றார்கள். கடைசியில் ஒரு நிபந்தனை வந்தது. வெறுங் காகிதத்திலிருந்து அதே மரத்தை வரைவதை முழுதாக வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அந்த மரமும் போகும், விளையாட்டிலிருந்து அவளுடைய பெயரும் போகும்.

இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்தேன். ஒட்டுசுட்டான் தாண்டி, முல்லைத்தீவு தாண்டி, உப்புக்காற்று முகத்தில் அறைகிற வரைக்கும் ஓடினேன். அவள் வீட்டு விறாந்தையில் தகர வாளிகளுக்கு நடுவே நீலம் கரைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். கரைப்பதை நிறுத்தவில்லை.

"சண்டைக் காலத்திலை எத்தினை தரம் பதிஞ்சனாங்கள், அண்ணை. ஊர் விதானையாரிட்டைத் துண்டு, குடும்பமா நிண்டெடுத்த படம், அடையாள அட்டை, அட்டைக்கு ஒரு அட்டை. நான் நான்தான் எண்டு காட்டிக் காட்டியே அரைவாசிச் சீவியம் போட்டுது. இனி ஒரு மரத்துக்கும் காட்டோணுமோ? ஏலாது."

வாளியைப் பார்த்தபடியே கேட்டாள்: "நீங்கள் எழுதினதுக்கு வீடியோ கேட்டவையோ?"

கேட்கவில்லை. என்னிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. அங்கேதான் எனக்குச் சுட்டது.

ஏனென்றால், கை ஓடாத ஒரு மழைநாளில், கடலேரியில் பொழுது சாய்வதை எப்படிச் சொல்வாய் என்று நான் வசனம் எழுதித் தரும் இயந்திரம் ஒன்றிடம் கேட்டிருந்தேன். சும்மா சீண்டிப் பார்க்கத்தான் கேட்டேன். பத்து வரி தந்தது. எட்டு குப்பை. இரண்டு வரியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி உள்ளே வைத்துவிட்டேன். விளையாடிப் பார்த்தவர்கள் அந்த இரண்டு வரியையும் தனியே எடுத்துக் கொண்டாடியிருந்தார்கள். இது இயந்திரத்தால் முடியுமா என்றுகூட ஒருவர் சவால் விட்டிருந்தார். இருபத்தைந்து வருடமாகச் சொல்லோடு புரண்டவன் நான். அந்தப் பாராட்டை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அவளிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன், சிரித்தாள். "அப்ப உங்கடை களவு உள்ளுக்கை, என்ரை உண்மை வெளியிலை. நல்ல விளையாட்டுத்தான்."

அந்த விறாந்தையில் நின்றே மருமகளை அழைத்தேன். இரண்டு வரியின் கதையையும் அவள் முழுதாகக் கேட்டாள். பிறகு சொன்னாள், "மாமா, நான் இதைக் கேக்கேல்லை எண்டு வைப்பம்."

"இல்லைப் பிள்ளை, கேட்டிட்டாய். அவைக்குச் சொல்லு. இல்லாட்டி நான் சொல்லுவன்."

மூன்றாம் நாள் பதில் வந்தது. என் நேர்மைக்கு நன்றியாம். அந்த இரண்டு வரியையும் நீக்குகிறார்களாம், என் பெயர் இருக்கலாமாம். மரத்துக்கு வீடியோவும் இனித் தேவையில்லை. இலைகளை மட்டும் ஒரே வகையாகத் திருத்தித் தந்தால் போதும். மரமும் இருக்கும், அவள் பெயரும் இருக்கும். ஒரு மணித்தியால வேலைதானே என்று முடித்திருந்தார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன்: மறுபடி நாயாற்றுக்குப் போய், திருத்திக் கொடு என்று நான்தான் அவளிடம் சொன்னேன். பெயர் தப்பினால் போதும், அந்தப் பெயரைக் காட்டி நாளைக்கு வேறு வேலை எடுக்கலாம், நாலு இலைதானே என்றேன். என் குரல் விதானையார் கந்தோர்க் கதவடியில் கைகட்டி நின்று பேசுகிற குரல் மாதிரி இருந்தது.

அவள் தூரிகையைக் கழுவி, உதறி, சீலைத் துண்டில் துடைத்தாள்.

"அந்தப் பெட்டை எருமையைத் தேடிக் காட்டுக்குள்ளை போறாள். குழை வையாமல் எப்பிடிப் போவாள்? நீங்கள் போவியளோ? இலையைத் திருத்தினால் அது ஏதோ ஒரு மரம். இந்த மரமில்லை. அதைத் தாண்டி என்ரை பேர் காட்டுக்குள்ளை போகாது. எல்லாப் படத்திலையும் பேரை எடுக்கச் சொல்லுங்கோ."

சொன்னேன். என்னுடையதையும் எடுக்கச் சொன்னேன். அதில் வீரம் ஒன்றுமில்லை, வெட்கம்தான்.

விளையாட்டு வெளிவந்தது. மருமகள் அனுப்பிவைத்தாள். பாலைமரம் நின்ற இடத்தில் வேறொருவர் வரைந்த மரம் நிற்கிறது. வாரிவிட்ட தலை போல் ஒழுங்கான மரம், எல்லா இலையும் ஒரே இலை. பெண் அதைத் தாண்டிக் கையை வீசிக்கொண்டு காட்டுக்குள் போகிறாள். சிவப்பு வட்டம் ஒன்றும் வரவில்லை. எல்லோருக்கும் திருப்தி.

இயந்திரம் வரையட்டும். எங்கள் வன்னி மண்ணை வரை என்று கேட்டால் குளத்துக்குப் பின்னால் மலையை நட்டுவைக்கிறது. மலையே இல்லாத ஊரில் இருந்துகொண்டு அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். நாளைக்குச் சரியாகவும் வரையக்கூடும். என் கோபம் வேறு. இயந்திரம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் மனிதர்கள் தங்கள் மரங்களை மழித்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த மழித்த மரங்களைத் தின்றுதான் இயந்திரம் வளரப் போகிறது. பிறகு அது எங்களுக்கே சொல்லும், உன் மரம் பிழை என்று. விளையாட்டுத் தொழிலின் எதிர்காலத்தை அறிந்தவர்கள் பேசட்டும், கூட்டம் வைக்கட்டும், சட்டம் எழுதட்டும். எங்கள் பக்கத்திலிருந்து சொல்ல ஒன்றுதான் உண்டு: திருத்த மாட்டோம். எங்கள் பிழைகளை நாங்கள் முறித்து, நாங்கள் செருகியிருக்கிறோம்.

நாயாற்றிலிருந்து கொக்கிளாய்க்குப் போகும் வீதியோரத்தில் ஒரு பஸ் தரிப்பிடம் இருக்கிறது. சுவர் வெறுமையாகக் கிடந்தது. கேட்க வேண்டியவர்களிடம் கேட்டு, போன மாதம் அவள் அதில் அந்த மரத்தை வரைந்தாள். பட்டப்பகலில், மூன்று நாள், ஊர் முழுக்கப் பார்க்க. வீடியோவுக்கு மறுத்தவள் வீதியில் நின்று வரைந்தாள். வலைக்குப் போய் வந்தவர்கள் நின்றார்கள், பஸ்ஸுக்கு வந்தவர்கள் பஸ்ஸை விட்டார்கள். ஐந்து வகை இலை ஏன் என்று ஒரு ஆளும் கேட்கவில்லை. ஆனால் மீன் கூடையோடு நின்ற ஒரு அம்மா, கூடையை இறக்கி வைத்துவிட்டு, கிட்டப் போய் உற்றுப் பார்த்தார்.

"பிள்ளை, வீரை இலை இவ்வளவு நீட்டில்லை. உது பிழை."

அவள் இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். ஓம் என்றாள். அதை அழித்துத் திருத்தினாள். திருத்தி முடிய, அந்த அம்மா பக்கத்துப் பற்றையில் ஒரு குழை முறித்து, சுவரில் செருக இடம் தேடி, கூரைத் தகரத்தின் ஓட்டைக்குள் செருகிவிட்டுக் கூடையைத் தூக்கினார்.

மரத்துக்குக் கீழே, என் முழங்கை உயரத்துக்குச் சிவப்பு எழுத்தில், அவள் தன் பெயரை எழுதியிருக்கிறாள். இங்கே அதை நான் எழுதவில்லை. வேண்டியவர்கள் கொக்கிளாய் பஸ்ஸில் ஏறட்டும்.