விடுபட்ட ஒரு 'கி'

நான் இதுவரை படித்த புத்தகங்களை அடுக்கினால் ஆரணி பஸ் ஸ்டாண்டில் ஒரு கடை போடலாம். படிக்காமல் விட்டது ஒரே ஒரு வரி. அதற்காக என் கட்சிக்காரர் வேலூர் ஜெயிலில் இரண்டரை வருஷம் இருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசி. அவர் பட்டுத்தறி நெய்பவர். பக்கத்து வீட்டுக்காரரோடு சுவர்த் தகராறு. மாடிப்படியில் வாய்ச்சண்டை முற்றி, அடிக்கப் பாய்ந்த பக்கத்து வீட்டுக்காரர் உருண்டு விழுந்து இறந்துபோனார். இவர்தான் தள்ளினார் என்று கேஸ். பார்த்த சாட்சி ஒருவர்தான். விலக்கிவிடப் போய் அதே படியில் நின்ற எதிர்வீட்டுக்காரர்.

"அவர் பாய்ந்தபோது எதிரி என்ன செய்தார்?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டேன். கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், அதாவது என் கட்சிக்காரர்.

"தள்ளிகினாருங்க. நானுந்தான் தள்ளிகினேன். மேல வந்து வுழுந்தா?"

எங்கள் பக்கத்தில் அப்படியென்றால் ஒதுங்கிக்கொண்டார் என்று அர்த்தம். கேஸ் முடிந்தது என்று உட்கார்ந்தேன். அன்று காபி இரண்டு முறை குடித்ததாக ஞாபகம்.

டைப்பிஸ்ட் தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். எங்கள் பேச்சைக் காதில் வாங்கும்போதே திருத்திவிடுவார். 'தள்ளினார்' என்று அடித்தார். சாட்சி கையெழுத்துப் போட்டார். சாட்சி சொன்னதைக் காதால் கேட்ட ஜட்ஜ் மாற்றலாகிப் போக, அடுத்து வந்தவர் காகிதத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதினார்: எதிரி தள்ளியதை அவருடைய வக்கீலே கேட்டு வெளிக்கொண்டு வந்திருக்கிறார். ஏழு வருஷம்.

சென்னையில் அப்பீல் போட்டேன். ஜாமீன் கிடைக்கவில்லை. சாட்சி சொன்னது வேறு என்பதற்கு ஆதாரம் என் காதுதான். காதுக்கு சர்டிபைடு காப்பி கிடையாது. அப்பீல் லிஸ்டில் வரும், தள்ளிப்போகும். அந்தத் தள்ளலில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கட்சிக்காரர் சாட்சியத்தின் நகலைக் கேட்டார், கொடுத்தேன். அடுத்த முறை ஜெயிலுக்குப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்:

"சார், என்னைக் காட்டி 'தள்ளினார்'னு சொல்றவரு, அடுத்த வரியில 'நானும் தள்ளினேன்'ங்கிறாரே. அப்ப அவரை ஏன் புடிக்கல?"

வாங்கிப் பார்த்தேன். இருந்தது. முதல் வரியையே முறைத்து முறைத்து, நான் அடுத்த வரிக்குப் போகவே இல்லை.

"பஸ்ல தடிதடியா புக்கு படிச்சிகினு வர்றீங்க. நம்ம கேஸு நாலு பக்கந்தாங்க" என்றார்.

ஐகோர்ட் ஜட்ஜ் அந்த இரண்டு வரியையும் படித்துவிட்டு அரசு வக்கீலைப் பார்த்தார். "நானும் தள்ளினேன் என்கிறவரை நம்பியா இவரை உள்ளே வைத்தீர்கள்?" பத்து நிமிஷத்தில் முடிந்தது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை.

வெளியே வந்தவர் ஆரணியில் என் ஆபீசுக்கு வந்தார். உட்காரவில்லை.

"சந்தேகம்னு போட்டுட்டாங்களே சார். தள்ளிட்டு, வக்கீலை வெச்சி வந்துட்டான்னு தெருவே பேசிகினு கீது. டைப்பு அடிச்சவரு வுட்ட அந்த 'கி'யைப் போட்டுக் குடுங்க."

கோர்ட் ரிக்கார்டில் கைவைக்க முடியாது என்றேன். தன் நகலை நீட்டினார். 'தள்ளினார்' நடுவில் பேனாவால் ஒரு 'கி' சொருகி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"இது செல்லாதுங்க" என்றேன்.

"கோர்ட்டுலதானே?"

வாங்கிப் பார்த்தவர் காகிதத்தைத் திரும்ப மேஜையில் வைத்தார்.

"அடுத்த வரியிலயும் ஒண்ணு போடுங்க சார். பாவம், அவரும் தள்ளலை."