நானா கடை விலாசத்தில் எங்கள் அக்கா

அக்காவின் ஆண்டுத் திதிக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் தோட்டத்து மக்களுக்கும் என் வணக்கம். படத்துக்குக் கீழே "சமூகத் தலைவி" என்று போடச் சொன்னார்கள். போட்டிருக்கிறேன். ஆனால் அக்கா எங்களை விட்டுப் போன விதத்தை எழுதாமல் விட்டால் இந்த நினைவு மலர் பொய்யாகிவிடும். அதை எழுத வேண்டியவளும் நான்தான், தங்கைதான். குற்றம் என்னுடையது.

அக்கா பிறந்தது பதுளையிலிருந்து ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் போகும் எங்கள் தோட்டத்தில், இதே லயத்து வரிசை வீட்டின் ஐந்தாவது காம்பராவில். அப்பா இறந்ததும் படிப்பை விட்டுத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனார். என்னை மட்டும் பாடசாலையை விட்டு நிற்க விடவில்லை. "நீ டீச்சராகணும்டி, மலைக்கு ஒருத்தி போதும்" என்பார்.

எங்கள் லயத்து வீடுகளுக்கு இலக்கம் கிடையாது, விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நினைத்தால் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஆசிரியர் பயிற்சிக்கு என்னை நேர்முகத்துக்கு அழைத்த கடிதம் அங்கேயே கிடந்தது. கைக்கு வந்தபோது நேர்முகம் முடிந்து ஒன்பது நாள்.

அக்கா கூடையோடு ஆபீஸ் வாசலுக்குப் போனார். "பெரட்டுல கூப்பிட்டோம், ஆள் வரல" என்றார் கிளாக்கர்.

"பள்ளிக்கூடத்துல படிக்கிற புள்ள பெரட்டுக்கு எப்பிடிங்கையா வரும்? ஒரு புள்ளையோட வாழ்க்கைய மேசைக்கு அடியில போட்டு வச்சிருக்கீங்களே!"

அன்று தொடங்கியது. கதவுக்கு ஒரு இலக்கம், வீட்டுக்கு ஒரு விலாசம். இவற்றைக் கேட்டு மனு எழுதினார், அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். "ரோட்டு மேல இருக்க பங்களா நாய்க்குக்கூட போர்டு இருக்கு, நமக்கு இல்லியா?" என்று கூட்டத்தில் கேட்டதற்காக ஒரு மாதம் அவரைச் செங்குத்தான மலைக்கே கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். அசரவில்லை.

இலக்கம் கிடைக்கும்வரை என்று ஒரு வழியும் கண்டுபிடித்தார். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், அவரிடம் பேசி, அவருடைய விலாசத்தையே எங்கள் லயம் முழுவதற்கும் வாங்கித் தந்தார். கடிதங்களை நானா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். சனிக்கிழமைதோறும் அக்கா ஏழரை பஸ்ஸில் போய் எடுத்து வந்து வீடு வீடாகக் கொடுப்பார். ஒருமுறை வேறொருவர் எடுத்து ஆள் மாறிக் கொடுத்துவிட்டதால், தன்னைத் தவிர யாரும் அந்த டின்னைத் தொடக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். அந்த டின் வழியாக இரண்டு பிள்ளைகள் கம்பஸ் போயிருக்கிறார்கள்.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் கட்டி. ஒப்பரேசனுக்குத் தேதி கடிதத்தில் வரும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அக்கா கொடுத்ததும் நானா கடை விலாசம்தான். எங்கள் பள்ளத்தில் போனுக்குச் சிக்னல் எடுக்காது.

எழுந்து நடக்க முடியாமல் படுத்திருந்த அக்கா என்னைக் கூப்பிட்டார். "இந்தச் சனிக்கெழம நீ போய்ட்டு வாடி."

"போறேங்கக்கா" என்றேன். போகவில்லை. டீச்சராக முடியாமல் நானும் கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தேன்; கொழுந்து அதிகமாக இருந்த காலம், ஒரு நாள் பேரும் அதற்கான சம்பளமும் போய்விடுமே என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை மழை. லயத்தில் இருந்த மற்றவர்களும் போகவில்லை. அக்கா எழுந்து கொண்டுவந்து தருவார் என்று காத்திருந்தோம், பாவிகள்.

மூன்றாவது சனிக்கிழமை போனேன். நானா பதறிப்போய், "எங்க தங்கச்சி, அக்காவ காணவே இல்ல? டின் நெறஞ்சி போச்சி, தொறக்காதீங்கன்டு சொன்னதால நான் பாக்கவும் இல்ல" என்றார். மேலிருந்து நாலாவது கடிதம் அக்காவுடையது. அதிலிருந்த தேதி போன செவ்வாய்க்கிழமை.

கடிதத்தைக் கையில் கொடுத்து அழுதேன். அக்கா வாசித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தார். "மத்தவங்க காயிதத்தக் குடுத்துட்டியா?" என்று கேட்டார். திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டவில்லையே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் வேறு தேதி தந்தார்கள். அந்தத் தேதிக்கு அக்கா இல்லை.

மரணத்தைப் பதியப் போனபோது "நிரந்தர விலாசம்?" என்று கேட்டார்கள். என் வாயில் வந்தது கடை விலாசம்தான். அக்கா ஒருநாள்கூடப் படுத்து எழும்பாத அந்தத் துணிக்கடையில்தான் அவர் வாழ்ந்ததாக இன்று பத்திரம் சொல்கிறது. மனுவுக்கு இன்னும் பதில் இல்லை.

அக்காவை மழையில் தோளில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்த இளைஞர்களுக்கும், பெட்டிக்கு வெள்ளைத் துணி தந்து கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்ற நானாவுக்கும், சோறு சமைத்து எங்களை உண்ணவைத்த லயத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், மனுவில் கையெழுத்து வைக்க வாருங்கள். அக்கா மாதிரி வாதாட எனக்குத் தெரியாது, தனியாகப் போக நடுங்குகிறது.

வெளியூர் உறவுகள் எங்களுக்கு எழுத விரும்பினால், விலாசம் பின்னட்டையில் இருக்கிறது. அதே நானா கடைதான். எழுதுங்கள். சனிக்கிழமை நான் போய் எடுப்பேன். மழை பெய்தாலும் போவேன், அக்கா.