மாரியம்மா அக்கா ஏற்றிவிட்ட லாரி

1982 ஏப்ரல், மலேசியப் பொதுத்தேர்தல் நாள். காலை ஏழரைக்குத் தைப்பிங்கில் நல்ல மழையில் பஸ் ஏறினேன். மதுரையில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடத்துகிறவன் நான். வழித்துணைக்கு அமெரிக்காவின் ஆரம்பகால வரலாறு பற்றிய புத்தகம். நிலம் இல்லாதவனுக்கு அன்று அங்கே ஓட்டுக் கிடையாதாம். கூலிக்காரர்கள் கூட்டம் கூட்டிக் கூச்சல் போட்டு வாங்கியிருக்கிறார்கள். இப்படியும் ஒரு காலமா என்று சிரித்துக்கொண்டேன்.

ஒன்பதரைக்கு ஈப்போ. அங்கிருந்து பத்து காஜா என்ற ஊருக்குப் போகும் சாலையில் பத்து மைல் போனால் சொந்தக்காரர்கள் இருக்கும் ரப்பர் தோட்டம், டாக்சிக்கு ஐந்து மலேசிய வெள்ளி. "தோட்டத்துல ஆள் இருக்க மாட்டாங்க அண்ணே, எல்லாம் ஓட்டுப் போட போயிருப்பாங்க லா" என்றார் ஓட்டுநர்.

ஆள் இருந்தார்கள். என் பெரியப்பா மகள் மாரியம்மா அக்கா, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் லாரியை நிறுத்தி, ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பார்த்துப் பார்த்து ஏற்றிக்கொண்டிருந்தாள். "ஐசி எடுத்தியா? வாயால சொல்லாத, காட்டு!" எங்களூர் வட்டச் செயலாளர்கள் அவளிடம் பாடம் படிக்க வேண்டும்.

"ஏறு தம்பி, டீ அப்புறம். இந்தத் தடவ என் பேரும் பட்டியல்ல வந்துருச்சாம். புது அட்டை பின்னால வருமாம், கட்சிக்காரரு சொன்னாரு. மொத ஓட்டு!"

நாற்பத்தைந்து வயதில் முதல் ஓட்டா? எனக்கு விளங்கவில்லை.

ஓட்டுச்சாவடியான பள்ளிக்கூடத்து வேலிக்கு வெளியே நின்றேன். போன வேகத்தில் அவள் திரும்பி வந்தாள், கையில் சிவப்பு அட்டையோடு. "பேரு இல்ல தம்பி. நீல ஐசி இருந்தாத்தான் குடிமகனாம். எனக்கு இன்னும் செவப்புதான்."

தூக்கிவாரிப் போட்டது. இந்தத் தோட்டத்திலேயே பிறந்து, பதின்மூன்று வயதிலிருந்து பால்மரம் சீவுகிறவள்!

"அந்தக் காலத்துல குடியுரிமைக்குப் பதியச் சொன்னப்ப அப்பா தன் பேர மட்டும் குடுத்துட்டு வந்துட்டாரு. விடியக்காலைல பெரட்டுல வரிசையா நிக்க வச்சு ஆளெடுக்கும்போது அப்பா பேரக் கூப்பிட்டா வீடே வேலைக்கு வந்தாச்சுன்னு அர்த்தம். இதுவும் அப்படித்தான்னு நெனச்சிட்டாரு. நான் மூணு தடவ மனு போட்டுட்டேன்."

அமெரிக்கக் கதையை ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தேன். "கத்தித்தான் வாங்குனாங்களா? பதினஞ்சு நாளா மைக்குல நானுந்தான் கத்துறேன், கட்சிக்கு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது நடைக்கு ஆள் ஏற்றப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் பாதிகூட அவளுக்கு வரவில்லை.

மாலை நாலரைக்கு என்னை வழியனுப்ப சாலைவரை வந்தாள்.

"ஊர்ல ஓட்டுப் போட இதெல்லாம் கேப்பாங்களா தம்பி?"

"இல்லக்கா. வயசு வந்தா போதும்."

"குடுத்து வச்சவங்க. போன தடவ யாருக்குப் போட்ட?"

போன தேர்தலன்று வெயில் அதிகம் என்று வீட்டிலேயே படுத்துத் தூங்கிவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. வாய்க்கு வந்த ஒரு சின்னத்தைச் சொன்னேன்.

"ஜெயிச்சாங்களா?" என்று ஆசையாகக் கேட்டாள்.