குறை போதவில்லை

அன்னக்கொடிக்குக் காது போன கதையை எங்கள் தெருவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். பூண்டு எண்ணெய் விடாததால் போனது என்பார் ஒருவர். ரயில் ஜன்னல் காற்று என்பார் இன்னொருவர். நடந்தது இதுதான்: கருப்பைவாயில் புற்று வந்து, மதுரை ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு தடவையாக ஆறு வாரம் மருந்து ஏற்றினார்கள். மருந்து புற்றை அடித்தது. போகிற போக்கில் காதையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது.

மூன்றாவது வாரமே காதுக்குள் சில்வண்டு கத்த ஆரம்பித்திருக்கிறது. இருபது வருடம் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவளுக்குச் சில்வண்டு புதிதா? மலை ஞாபகம் என்று நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வாரமும் டாக்டர், "வேற எதுவும் தொந்தரவு இருக்காம்மா?" என்று விசாரித்திருக்கிறார். இவளும் ஒவ்வொரு வாரமும், "ஒண்ணுமில்லைங்கய்யா" என்றிருக்கிறாள். பெரிய மனிதரிடம் போய்க் குறை சொல்வதா? அந்த மரியாதைதான் அவளுக்கு வினையாக வந்தது. அன்றே வாயைத் திறந்திருந்தால் மருந்தின் அளவையாவது யோசித்திருப்பார்கள்.

திரும்பி வந்தவளுக்குக் கனத்த சத்தம் கேட்டது, கீச்சென்று வரும் மெல்லிசான சத்தம் கேட்கவில்லை. பஸ்சு உறுமுவது கேட்கும், செல்போன் அடிப்பது கேட்காது. புருஷன் கன்னையனின் குறட்டை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் கேட்டது. ஆறுதல் சொல்ல வந்தவர்களெல்லாம், "உயிர் மிஞ்சுச்சுல்ல தாயி, காது போனா என்ன?" என்றார்கள். செல்போனில் சார்ஜ் இறங்கினாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற ஆட்கள் இவர்கள்.

உடம்பு தேறியதும் அவள் தோட்டத்துக் கங்காணி ராக்கையாவிடம் போய் நின்றாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவள் நோயாளி. விடியற்காலை ஜீப்பில் ஏறினால்தான் மறுபடியும் அன்னக்கொடி. ராக்கையா உதட்டைப் பிதுக்கினார்.

"காட்டுமாடு வந்தா நான் விசில் ஊதுவேன். எல்லாரும் ஓடுவாளுக. நீ குனிஞ்ச தலை நிமிராமக் காய் எடுத்துக்கிட்டிருப்ப. முட்டித் தூக்குச்சுன்னா பதில் சொல்றது யாரு? காதுக்கு மிஷின் மாட்டிட்டு வா, பார்ப்போம்."

கடையில் மிஷின் விலையைக் கேட்டதும் மிச்சமிருந்த காதும் அடைத்துப்போனது. இலவசமாகத் தரும் முகாம் ஒன்று நடப்பதாகச் சொன்னார்கள். துணைக்கு வருவதாகச் சொன்ன கன்னையன், லோடு வந்துவிட்டது என்று அன்று காலையில் நழுவிக்கொண்டார். தனியாகப் போனாள்.

ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். வாசலில் 'செவித்திறன் குறைந்தோருக்கான சிறப்பு முகாம்' என்று ஆள் உயர பேனர். உள்ளே மைக் இருந்தது. அது வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் மட்டும். பிரமுகர் காரில் ஏறியதும் மைக்கும் ஏறிவிட்டது. பிறகு முகக்கவசம் போட்ட எழுத்தர் ஒருவர் வந்து, பட்டியலைப் பார்த்தபடி, வாயால் பெயர் கூப்பிட்டார்.

காது கேட்காதவர்கள் எழுபது பேரை உட்காரவைத்து, வாயால். யாருடைய யோசனையோ, அவருக்கு அந்தப் பொன்னாடையைப் போர்த்தியிருக்கலாம்.

மத்தியானம் ஒரு மணி வரை ஒன்பது பேர்தான் எழுந்து போனார்கள். மற்றவர்கள் நல்ல பிள்ளைகளாகக் காத்திருந்தார்கள். முதல் பெஞ்சில் இருந்த அன்னக்கொடி பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போய் விசாரித்தாள். அவர் கவசத்தை இறக்கி, அவளுடைய பெயருக்கு நேரே விரலை வைத்தார். 'வரவில்லை' என்று எழுதியிருந்தது.

"மூணு தடவை கூப்பிட்டாச்சும்மா. பேரைக் குடுக்கிறீங்க, ஆளு வர்றதில்ல."

"காது கேக்காதவகளத்தானய்யா வரச் சொன்னீக? கேட்டா நாங்க எதுக்கு இங்க வர்றோம்?"

அவருடைய பதிலுக்கு அவள் நிற்கவில்லை. சாயங்காலம் தோட்டத்தில் எடை போடும்போது, பின்னால் தகராறு வராமலிருக்க, ஒவ்வொருத்தி பெயரையும் கிலோவையும் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவது வழக்கம். இங்கே எல்லோர் முகத்துக்கும் நேரே கரும்பலகை இருந்தது. அடியில் சாக்பீஸும் இருந்தது. பட்டியலைப் பிடுங்கிப் பெயர்களை எழுத ஆரம்பித்தாள். எட்டாவது வரை படித்த கையெழுத்து, கொஞ்சம் கோணல். ஆனாலும் 'வராதவர்கள்' பெஞ்சு பெஞ்சாக எழுந்து வந்தார்கள். எழுத்தர் முகம் போன போக்கைப் பார்க்க நான் அங்கே இல்லாமல் போனேனே என்று இப்போதும் வருத்தம்தான்.

அவள் முறை வந்ததும் காதில் ஏதோ மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். தகரத்தைத் தட்டுவது போல ஒன்று வந்தது, அழுத்தினாள். மாடு கத்துவது போல ஒன்று, அழுத்தினாள். அதற்கப்புறம் நெடுநேரம் எதுவுமே வரவில்லை. டாக்டர் கணக்குப் போட்டு, அவளுக்குப் புரியட்டும் என்று தாளில் எழுதியே காட்டினார்: சராசரி எடுத்தால் குறை போதவில்லை, மிஷின் கிடைக்காது. தவில் கேட்கிறது, நாதஸ்வரம் கேட்கவில்லை, இரண்டையும் கூட்டி வகுத்தால் கச்சேரி நன்றாகத்தான் இருக்கிறது என்கிற கணக்கு.

'சலுகை பெறும் அளவுக்குச் செவித்திறன் குறையவில்லை' என்று முத்திரை குத்தி ஒரு தாளும் கொடுத்தார்கள். பஸ்சில் அழுதுகொண்டே வந்ததாகச் சொன்னாள்.

மறுநாள் அதை ராக்கையாவிடம் நீட்டினாள், மிஷின் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று காட்டத்தான். ராக்கையா முதலில் முத்திரையைப் பார்த்தார். பிறகு கடைசி இரண்டு வார்த்தைகளைப் படித்தார்.

"செவித்திறன் குறையலைன்னு கவர்மெண்டே எழுதிருச்சா! பிறகென்ன? நாளைக்கு வெரசா வந்து ஜீப்புல ஏறு."

அவள் திருத்தவில்லை. தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். தப்பு என்று தெரியும், பயமும் இருந்தது. ஆனாலும் ஏறிவிட்டாள்.

நாலாம் நாள் பத்து மணி வாக்கில் ஓடைப் பக்கமிருந்து காட்டுமாடு வந்தது. ராக்கையா விசில் ஊதினார். எல்லோரும் மேட்டுக்கு ஓடினார்கள். அன்னக்கொடி ஏலச்செடித் தூருக்குள் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்க்கும் சந்திரவல்லி திரும்பி ஓடிவந்து அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தபோதுதான் நிமிர்ந்தாள். பதினைந்து அடியில் மாடு நின்று, பார்த்து, என்ன நினைத்ததோ, சரிவில் இறங்கிப் போய்விட்டது.

மேட்டில் நின்ற ராக்கையா, "கேக்குதுன்னு எழுதியிருந்துச்சே!" என்று கத்தினார்.

"காட்டுமாட்டுக்குப் படிக்கத் தெரியாதுண்ணே" என்றாள் சந்திரவல்லி.

அன்னக்கொடி நேராக எடைக் கொட்டகைக்குப் போய், பூச்சிமருந்து தீர்ந்து காலியாகக் கிடந்த தகர டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினாள். ஒரு கட்டையை எடுத்து ஓங்கி அடித்தாள். சரிவு முழுக்க அதிர்ந்தது.

"இது எனக்குக் கேக்குதுண்ணே. விசிலுக்குப் பதிலா இதைத் தட்டுங்க."

ராக்கையா டிரம்மையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன தாயி?"

"என்ன கேக்கலைன்னுதான் எல்லாரும் விசாரிச்சாக. என்ன கேக்கும்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் விசாரிக்கலையேண்ணே" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.