மருமகன் கொண்டுவந்த புத்தகங்கள்

இன்று காலை கல்முனையில் என் புத்தகக் கடைக்கு எனக்குத் தெரிந்த ஓர் உம்மா ஆட்டோவில் இரண்டு பெட்டிப் புத்தகங்களோடு வந்தார்.

"புள்ள, இதுகள விலைக்கி எடுப்பீங்களா? மருமகன் வந்து ஒரு மாசம். வீடு முழுக்க புத்தகமாக் கிடக்கு."

எங்கள் பக்கம் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதன்பிறகு வீட்டில் புதிதாக எது தென்பட்டாலும் அது அவர் கொண்டுவந்ததுதான்.

மேலே இருந்த நாவலைத் திறந்தேன். முதல் பக்கத்தில் உம்மாவின் மகளுடைய பெயர். அடுத்ததிலும் அதே பெயர்.

நாலு வருடமாகத் தையல் பையின் அடியில் மறைத்து என்னிடம் வாங்கிப்போனவள். கல்யாணம் தந்த துணிச்சலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து அடுக்கியிருக்கிறாள்.

புத்தகத்தை மூடினேன்.

"மாமி, மருமகனுக்கிட்ட ஒரு சொல்லுக் கேக்காம வித்தா அவர் என்ன நினைப்பாரு?"

உம்மாவின் முகம் மாறியது. "யா அல்லாஹ்! ஓம் புள்ள, அத நான் யோசிக்கல்ல."

வந்த ஆட்டோவிலேயே பெட்டிகள் திரும்பிப் போயின.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு மருமகனே வந்து நின்றார்.

"ராத்தா, மாமி எனக்கெண்டு புத்தக அலுமாரி ஒண்டு வாங்கித் தந்திரிக்கா. பள்ளிக்கூடம் விட்டதுக்குப் பொறகு நான் ஒண்டும் வாசிக்கல்ல. இனி வாசிச்சித்தான் ஆகணும். லேசான ஒண்டு தாங்க."

எதைக் கொடுக்கலாம்? மாமிமார் யாரும் இங்கே இல்லை என்ற தைரியத்தில் கேட்கிறேன், சொல்லுங்கள்.

அவர் மனைவியிடம் மட்டும் கேட்கவில்லை. அவள் ஏற்கெனவே பதினொரு புத்தகங்களின் பெயர் அனுப்பிவிட்டாள்.